ஐ-140: பிரீமியம் கட்டணம் எதை வேகப்படுத்தும், எதை வேகப்படுத்தாது

வேலைவாய்ப்பு வழியில் அமெரிக்க கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: "பிரீமியம் கட்டிவிடலாமா?" ஐ-140 என்பது உங்களைக் குடியேற்றத்துக்குத் தகுதியானவராக ஏற்கக் கோரி, பெரும்பாலும் நிறுவனம் போடும் மனு. அதன் மீது விரைவாக முடிவு பெறக் கட்டும் கூடுதல் தொகையான பிரீமியம் பிராசசிங் கட்டணம் 2026 மார்ச் 1 முதல் 2,965 டாலர். அதற்கு முன்பு 2,805. இந்தச் சேவை 2001இல் தொடங்கியபோது வெறும் 1,000 டாலர்தான். பணம் சிறிதல்ல என்பதால், கட்டுவதற்கு முன் அது எந்தக் கதவைத் திறக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பலர் இதைத் தட்கல் டிக்கெட் போல நினைக்கிறார்கள். தட்கலில் கூடுதல் பணம் கொடுத்தால் ரயிலில் இடம் கிடைக்கிறது. இங்கே கிடைப்பது, காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது என்ற உறுதிச் சீட்டு மட்டுமே, அதுவும் சீக்கிரமாக. பட்டியலில் உங்கள் எண் ஓர் இடம்கூட முன்னேறாது. ஆனால் அந்தச் சீட்டு கையில் இருப்பதால் வேறு சில உரிமைகள் வருகின்றன. அவை உங்களுக்கு இப்போது தேவைப்படுகின்றனவா என்பதைப் பொறுத்தே கட்டுவதும் கட்டாமல் விடுவதும்.

முதல் படி: உங்கள் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 குடியேற்ற விசாக்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த எண் இது. மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் இதற்குள்ளேயே எண்ணப்படுகிறார்கள். இதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இந்தியாவில் பிறந்தவர்களின் விண்ணப்பங்கள் இந்த 7 சதவீதத்தைப் பல மடங்கு தாண்டிவிட்டதால் வரிசை பத்தாண்டுகளைக் கடந்து நீள்கிறது. வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் வரிசைப் பட்டியலே விசா புல்லட்டின். 2025 அக்டோபர் புல்லட்டினில் இரண்டாம் வேலைவாய்ப்புப் பிரிவான இ.பி-2இல் இந்தியாவுக்கான இறுதி நடவடிக்கைத் தேதி, அதாவது கிரீன் கார்டு கொடுப்பதற்கான எல்லைத் தேதி, 2013 ஏப்ரல் 1. மூன்றாம் பிரிவான இ.பி-3க்கு 2013 ஆகஸ்ட் 22. அதாவது 2013 வசந்தத்தில் வரிசையில் சேர்ந்தவர் 2025 இலையுதிர்காலத்தில்தான் வாசலுக்கு வந்தார்.

வரிசையில் உங்கள் இடத்தைக் குறிப்பது முன்னுரிமைத் தேதி, எல்லோரும் சொல்லும் பெயரில் பிரயாரிட்டி டேட். நிறுவனம் உங்களுக்காக பெர்ம் விண்ணப்பத்தை (அந்த வேலைக்குத் தகுதியுள்ள உள்ளூர் ஆள் இல்லை என்று சான்று கோருவது) தொழிலாளர் துறையில் தாக்கல் செய்த நாளே அது. பெர்ம் தேவைப்படாத இ.பி-1 பிரிவுக்கும், தேசிய நலன் விலக்கு எனப்படும் என்.ஐ.டபிள்யூ வழிக்கும் ஐ-140 தாக்கல் செய்த நாள். மனு எப்போது ஒப்புதல் பெற்றது என்பதற்கும் இந்தத் தேதிக்கும் தொடர்பில்லை. மூன்று வாரத்தில் ஒப்புதல் வாங்கியவரும் பத்து மாதத்தில் வாங்கியவரும் ஒரே நாளில் பெர்ம் போட்டிருந்தால், ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்.

இன்னொன்று: எந்த நாட்டு வரிசை என்பதைத் தீர்மானிப்பது பிறந்த இடம். குடியுரிமை அல்ல, பாஸ்போர்ட்டின் நிறமும் அல்ல. இது தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் பயன்படும் விதி. கணவர் சேலத்தில் பிறந்தவர், மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். மனைவி சிறுவயதிலேயே சென்னைக்கு வந்து வளர்ந்தவராக இருக்கலாம், இன்று அவரிடம் எந்த நாட்டுக் குடியுரிமையும் இருக்கலாம். இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது கணவரின் மனுவை மனைவி பிறந்த இலங்கையின் கணக்கில் வைக்கக் கேட்கலாம். இந்தியா, சீனா போன்ற தனிப்பட்டியல் நாடுகள் தவிர்ந்த மற்ற எல்லா நாடுகளுக்கும் பொதுவான வரிசை அது. அங்கும் காத்திருப்பு உண்டு. ஆனால் பத்தாண்டுக் கணக்கில் அல்ல. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிறந்த துணைவருக்கும் இதே கதை. பிள்ளைகள் பிறந்த நாடு பெற்றோருக்கு உதவாது. இந்த வாய்ப்பு இருந்தும் வழக்கறிஞரிடம் சொல்லாமல் பல ஆண்டுகள் இந்திய வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். வழக்கறிஞர் அலுவலகத்தின் கேள்விப் படிவத்தில் துணைவர் பிறந்த ஊர் என்ற கட்டத்தை அலட்சியமாக நிரப்பாதீர்கள்.

இரண்டாம் படி: பெர்ம்

இந்தக் கட்டத்தை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் இதற்கு எந்த வேகக் கட்டணமும் கிடையாது. முதலில் தொழிலாளர் துறை அந்த வேலைக்கான நிலவும் ஊதியத்தை நிர்ணயித்துத் தர வேண்டும். அதற்கே மாதங்கள் ஆகும். பிறகு நிறுவனம் உள்ளூரில் ஆள் தேட வேண்டும்: இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாளிதழ் விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் 30 நாள் அறிவிப்பு, பணியிடத்தில் 10 வேலை நாள் அறிவிப்பு, பட்டப்படிப்பு கோரும் வேலை என்றால் மேலும் மூன்று வகைத் தேடல். தகுதியுள்ள உள்ளூர் ஆள் கிடைக்காவிட்டால்தான் பெர்ம் தாக்கல். அண்மை ஆண்டுகளில் தாக்கலிலிருந்து முடிவுவரை மட்டும் ஓராண்டைத் தாண்டிப் போயிருக்கிறது.

பெர்ம் செலவை, வழக்கறிஞர் கட்டணம் உட்பட, நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது விதி. ஊழியரிடமிருந்து நேரடியாகவோ சம்பளத்தில் பிடித்தோ திருப்பி வாங்கக்கூடாது. "நீங்களே கட்டிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லும் சிறிய ஆலோசனை நிறுவனங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்தப் பேச்சுக்கு நீங்கள் ஒப்புக்கொண்டதற்கான தடயம் பின்னால் உங்கள் மனுவையே பாதிக்கக்கூடும்.

பெர்ம் ஒப்புதல் வந்ததும் 180 நாட்களுக்குள் ஐ-140 தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் பெர்ம் காலாவதி. முன்னுரிமைத் தேதியும் அதோடு போகும்.

மூன்றாம் படி: மனுவைக் கட்டுவது

ஐ-140இன் அடிப்படைக் கட்டணம் 715 டாலர். அதனுடன் புகலிடத் திட்டக் கட்டணம் என்று ஒன்று: சாதாரண நிறுவனத்துக்கு 600, இருபத்தைந்து பேர் வரை வேலை செய்யும் சிறு நிறுவனத்துக்கும் தனக்குத்தானே மனு போடுபவருக்கும் 300, லாப நோக்கற்ற அமைப்புக்கு எதுவும் இல்லை.

மனுவில் குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைத் துறை, அதாவது யுஎஸ்சிஐஎஸ், பார்ப்பது இரண்டு. ஒன்று, பெர்மில் சொன்ன தகுதி உங்களிடம் பெர்ம் தாக்கல் நாளன்றே இருந்ததா. இரண்டு, அந்த நாளிலிருந்து உங்களுக்கு வாக்களித்த சம்பளத்தைக் கொடுக்க நிறுவனத்துக்குப் பொருள் வசதி இருக்கிறதா. இரண்டாவதற்கு வருமான வரி அறிக்கை, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, ஆண்டறிக்கை ஆகியவற்றில் ஒன்று. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் நிதி அதிகாரியின் கடிதத்தையும் ஏற்கலாம்.

முதலாவதில்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதிலும் குறிப்பாக அனுபவக் கடிதம். சென்னை ஓ.எம்.ஆர் நிறுவனத்தின் மனிதவளத் துறை கொடுக்கும் வழக்கமான கடிதத்தில் இருப்பவை மூன்று வரி: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர். கூடவே "எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள்". அது இங்கே போதாது. முழுநேர வேலையா, என்ன வேலை செய்தீர்கள், பெர்மில் கேட்ட தொழில்நுட்பத்தை எந்தக் காலத்தில் பயன்படுத்தினீர்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். நிறுவனத்தின் முகவரித்தாளில், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் "எங்கள் கொள்கைப்படி இவ்வளவுதான்" என்று மறுத்துவிடும். அப்போது, நிறுவனம் கொடுத்த மூன்று வரிக் கடிதத்துடன், உங்களோடு வேலை செய்த மேலாளர் அல்லது சக ஊழியரிடம் விரிவான பிரமாண வாக்குமூலம் வாங்கி வைக்கலாம். மூடப்பட்டுவிட்ட நிறுவனங்களுக்கும் இதுவே வழி. பெர்ம் தொடங்கும் முன்பே இந்தக் கடிதங்களைச் சேகரியுங்கள். பழைய மேலாளர் எந்த நாட்டில் எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்று ஐ-140 நேரத்தில் தேடுவது வேண்டாத வேலை.

படிப்பிலும் ஒரு முடிச்சு உண்டு. மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் இருந்தால் அது அமெரிக்க நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு ஈடாகப் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. பி.எஸ்சி.யோடு எம்.சி.ஏ. இருந்தால் நிலைமை வேறு. எந்தப் பட்டத்தை வைத்து எந்தப் பிரிவு கோருகிறார்கள் என்பதைப் பெர்ம் வாசகத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். பி.இ. முடித்து ஐந்தாண்டு அனுபவத்தில் இ.பி-2 கோருபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பட்டமளிப்பு விழா எப்போதோ நடந்து சான்றிதழ் தாமதமாக வந்திருந்தாலும், பட்டத்துக்கான எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்ததைக் காட்டும் ப்ரொவிஷனல் சான்றிதழின் தேதியிலிருந்து அனுபவத்தை எண்ணலாம் என்று யுஎஸ்சிஐஎஸ் 2017இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே மடிந்து பழுப்பேறிய அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தமிழில் உள்ள எந்த ஆவணத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் தமக்கு இரு மொழியும் தெரியும் என்று உறுதி கூறும் குறிப்பும் வேண்டும். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் இனிஷியலாகவும் இன்னொன்றில் முழுப் பெயராகவும் இருப்பது நமக்கு இயல்பு, அதிகாரிக்குக் குழப்பம். ஒரே ஆள்தான் என்று சொல்லும் வாக்குமூலம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

நான்காம் படி: கட்டலாமா, வேண்டாமா

இதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் வாங்கித் தருவது ஒப்புதலின் தேதியை மட்டுமே. அந்தத் தேதியில் என்னென்ன தொங்குகின்றன என்று பார்ப்போம்.

எச்-1பி வேலை விசாவுக்கு ஆறாண்டு வரம்பு. ஐ-140 ஒப்புதல் பெற்று, விசா எண் கிடைக்காத நிலையில் இருப்பவருக்கு ஆறாண்டுக்கு அப்பாலும் மூன்று மூன்று ஆண்டாக நீட்டிப்பு கிடைக்கும். ஒப்புதல் இல்லாமல் பெர்மோ ஐ-140யோ தாக்கல் செய்து 365 நாள் ஆகியிருந்தால் ஓராண்டு நீட்டிப்பு மட்டும். ஆறாம் ஆண்டில் நிற்பவர், அதிலும் ஊருக்குப் போய் விசா ஸ்டாம்பிங் வாங்க வேண்டியவர், பிரீமியம் கட்டுவதில் பொருள் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நீட்டிப்பு மனு போடும் வழக்கறிஞர் செலவையும் மனக்கவலையையும் கூட்டினால் 2,965 டாலர் சிக்கனம்தான். நிறுவனத்துக்குள் இடமாற்றமாக வரும் எல்-1 விசாவில் இருப்பவர்களுக்கு இந்த நீட்டிப்புச் சலுகை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

எச்-4 விசாவில் வீட்டிலிருக்கும் துணைவர் வேலை அனுமதி பெற, எச்-1பி வைத்திருப்பவரின் ஐ-140 ஒப்புதல் வேண்டும், அல்லது அவர் ஆறாண்டுக்கு அப்பாற்பட்ட நீட்டிப்பில் இருக்க வேண்டும். 2015 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ள விதி இது. துணைவர் வேலைக்குப் போகத் தயாராக இருக்கிறார், நீங்களோ எச்-1பியின் இரண்டாம் ஆண்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் கணக்கு எளிது: சாதாரண வரிசையில் காத்திருந்து இழக்கும் எட்டு மாதச் சம்பளமா, ஒருமுறைக் கட்டணமா? என் பார்வையில் பிரீமியம் கட்டுவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேறில்லை.

அடுத்தது வேலைப் பாதுகாப்பு. ஐ-140 ஒருமுறை ஒப்புதல் பெற்றுவிட்டால், மோசடியோ தவறான தகவலோ துறையின் கணிசமான பிழையோ பெர்ம் ரத்தோ இல்லாதவரை, அந்த முன்னுரிமைத் தேதி உங்களுடையது. அடுத்த நிறுவனம் புதிய பெர்மும் புதிய ஐ-140யும் போட வேண்டும். ஆனால் பழைய தேதி கூடவே வரும். ஒப்புதலுக்குப் பிறகு 180 நாள் கடந்துவிட்டால், பழைய நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் அது உயிரோடு இருப்பதாகவே கொண்டு எச்-1பி நீட்டிப்பு வாங்கலாம். 180 நாளுக்குள் திரும்பப் பெற்றால் தேதி மட்டும் மிஞ்சும், நீட்டிப்பு உரிமை போய்விடும். 2017 ஜனவரியிலிருந்து உள்ள ஏற்பாடு இது. ஆட்குறைப்புப் பேச்சு அடிபடும் நிறுவனத்தில் இருக்கிறீர்கள், ஐ-140 இன்னும் நிலுவையில் என்றால், நிறுவனம் மனுவை அப்படியே கைவிட்டுவிடும் வாய்ப்பு உண்டு. அப்போது தேதியும் இல்லை, ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட நிலையில் பிரீமியம் கட்டாமல் சிக்கனம் பிடிப்பது எனக்குப் புரியாத விஷயம்.

நான்காவது, முன்னுரிமைத் தேதி ஏற்கெனவே எட்டிவிட்டவர்கள். ஐ-140யோடு ஐ-485ஐயும் (அமெரிக்காவுக்குள் இருந்தே கிரீன் கார்டு கோரும் இறுதி விண்ணப்பம்) சேர்த்தே தாக்கல் செய்பவர்கள், அல்லது 2020 அக்டோபரில் நடந்தது போல, பிரிவு மாற்றிப் புதிய ஐ-140 போடுபவர்கள். அந்த மாதம் இந்தியாவுக்கான இ.பி-3 தாக்கல் தேதி (ஐ-485 போட அனுமதிக்கும் எல்லைத் தேதி) 2015 ஜனவரிக்குத் தாவியது, இ.பி-2இல் இருந்த பெருங்கூட்டம் இ.பி-3க்கு இறங்கி வந்து விண்ணப்பித்தது. ஐ-485க்கு எந்த வேகக் கட்டணமும் இல்லை. ஆனால் ஐ-140 ஒப்புதல் இல்லாமல் ஐ-485 முடியவும் முடியாது. தேதி பின்னோக்கிப் போய்விடும் அபாயம் இருக்கும் மாதங்களில் ஐ-140 காரணமாகக் கோப்பு தேங்கக்கூடாது.

இந்த நான்கில் எதுவும் பொருந்தாதவர்? எச்-1பியின் மூன்றாம் ஆண்டு, நிலையான நிறுவனம், துணைவர் தனக்கென எச்-1பி வைத்திருக்கிறார், வேலை மாறும் எண்ணம் இல்லை. அவர் சாதாரண வரிசையில் காத்திருக்கலாம். மனதில் அரிப்பு தாங்காமல் மூவாயிரம் டாலர் கொடுப்பது அவரவர் விருப்பம். பிறகு தேவை வந்தால் நிலுவையில் உள்ள மனுவுக்கே பிரீமியம் கோரலாம்; முதலிலேயே கட்டியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பிள்ளைகளின் வயது: வேகமே நஷ்டமாகும் இடம்

இதைப் பலர் பேசுவதில்லை, அதனால் தனியாகச் சொல்கிறேன். கிரீன் கார்டில் பிள்ளைகள் பெற்றோருடன் சேர வேண்டுமானால் 21 வயதுக்குக் கீழே, மணமாகாதவராக இருக்க வேண்டும். வரிசை நீளமாக இருப்பதால் இங்கே வளர்ந்த பிள்ளைகள் 21ஐத் தாண்டிவிடுகிறார்கள். அதற்கு ஓரளவு நிவாரணமாக 2002இல் வந்த குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம் ஒரு கழித்தலை அனுமதிக்கிறது: விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயதிலிருந்து, ஐ-140 மனு எத்தனை நாள் நிலுவையில் இருந்ததோ அத்தனை நாளைக் கழித்துக்கொள்ளலாம். எண்ணுவது ஐ-140 தாக்கலிலிருந்து ஒப்புதல்வரை. பெர்ம் காலம் சேராது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தேதி எட்டும் நாளில் மகளுக்கு 21 வயது 4 மாதம். ஐ-140 எட்டு மாதம் நிலுவையில் இருந்திருந்தால் சட்டப்படி அவர் வயது 20 வருடம் 8 மாதம், பெற்றோருடன் சேரலாம். பிரீமியம் கட்டி மூன்று வாரத்தில் ஒப்புதல் வாங்கியிருந்தால் 21 வயது 3 மாதம், சேர முடியாது. பத்தாண்டுக்கு முன் ஒருநாள் பொறுமையின்றிக் கட்டிய பணம், பத்தாண்டுக்குப் பின் பிள்ளையைத் தனி விசா தேட அனுப்புகிறது.

2025 ஆகஸ்ட் 15 முதல் இந்த வயதுக் கணக்குக்கு விசா புல்லட்டினின் இறுதி நடவடிக்கைத் தேதிப் பட்டியலையே யுஎஸ்சிஐஎஸ் பயன்படுத்துகிறது. அதற்கு முன்பு தாக்கல் தேதிப் பட்டியலையும் ஏற்றார்கள். தாக்கல் தேதி முன்னதாக வருவதால் அந்த முறை பிள்ளைகளுக்குச் சாதகமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு நிலுவை நாளும் முன்பைவிட மதிப்புக் கூடியது. எனவே மனு போடும் நாளில் உங்கள் பிள்ளைக்கு எட்டோ பத்தோ வயது என்றால், பிரீமியம் பற்றி முடிவெடுக்கும் முன் இந்தக் கழித்தலை வழக்கறிஞரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். துணைவரின் வேலை அனுமதியும் பிள்ளையின் வயதும் எதிரெதிராக இழுக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே பொதுவிதி எதுவும் உதவாது. அவரவர் தேதியை எழுதி வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டியதுதான்.

ஐந்தாம் படி: விண்ணப்பமும் பணமும்

பிரீமியத்துக்கான படிவம் ஐ-907. ஐ-140யோடு சேர்த்தும் போடலாம், பிறகும் போடலாம். யார் கையெழுத்திடுவது, யார் பணம் கட்டுவது என்பதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. கையெழுத்து மனுதாரருடையது, அதாவது நிறுவனம் அல்லது அதன் வழக்கறிஞர். ஊழியர் தாமாக ஐ-907 போட முடியாது. விதிவிலக்கு, இ.பி-1 அசாதாரணத் திறன் பிரிவிலும் என்.ஐ.டபிள்யூவிலும் தமக்குத் தாமே மனு போட்டவர்கள். பணத்தை ஊழியர் தம் கையிலிருந்து கொடுக்கலாம். பெர்ம் போல இங்கே தடை இல்லை. எனவே நிறுவனம் "எங்களுக்கு அவசரமில்லை" என்று சொன்னால், "செலவு என்னுடையது, கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று கேட்கலாம். பெரும்பாலான மனிதவளத் துறைகள் அதற்கு மறுப்பதில்லை.

2025 அக்டோபர் 28க்குப் பிறகு தாள் விண்ணப்பங்களுக்குக் காசோலையும் மணி ஆர்டரும் செல்லாது. கிரெடிட் கார்டு என்றால் ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பிடித்தம் என்றால் ஜி-1650. வங்கிக் கணக்கில் இருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் நிராகரிக்கப்பட்டால் மனுவே திரும்பி வரும். படிவத்தின் பதிப்புத் தேதியையும் அனுப்ப வேண்டிய முகவரியையும் அனுப்பும் நாளன்று யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் பாருங்கள், போன மாதம் பார்த்ததை நம்ப வேண்டாம்.

ஆறாம் படி: கடிகாரம் ஓடும் விதம்

பெர்ம் வழியிலான இ.பி-2, இ.பி-3 மனுக்களுக்கும் இ.பி-1இன் முதல் இரு வகைகளுக்கும் (அசாதாரணத் திறன், சிறந்த பேராசிரியர் அல்லது ஆய்வாளர்) கெடு 15 வேலை நாள். பன்னாட்டு நிறுவன மேலாளர்களுக்கான இ.பி-1சிக்கும் என்.ஐ.டபிள்யூவுக்கும் 45 வேலை நாள். 2024 ஏப்ரல் 1க்கு முன்பு இவை சாதாரண நாள்களாக எண்ணப்பட்டன. இப்போது சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகள் கழியும். 2026 மார்ச் 2, திங்கட்கிழமை சரியான முகவரிக்கு மனு சேர்ந்தால் மார்ச் 23தான் கடைசி நாள். நவம்பர், டிசம்பரில் போட்டால் விடுமுறைகள் இன்னும் சில நாளை விழுங்கும்.

அந்தக் கெடுவுக்குள் யுஎஸ்சிஐஎஸ் ஒப்புதல் தருவதாக வாக்களிக்கவில்லை. ஏதாவது ஒரு நடவடிக்கை எடுப்பதாகத்தான் வாக்கு. ஒப்புதல், நிராகரிப்பு, கூடுதல் ஆதாரம் கேட்கும் ஆர்.எஃப்.இ, நிராகரிக்கப்போவதாக நோட்டீஸ், மோசடி விசாரணை ஆகிய ஐந்தில் எது நடந்தாலும் வாக்கு நிறைவேறிவிட்டது. இதில் எதுவுமே செய்யாமல் கெடு தாண்டினால் மட்டும் பிரீமியம் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். மனு தொடர்ந்து வேகமாகவே நடக்கும். நிராகரித்தால் பணம் திரும்பாது.

ஆர்.எஃப்.இ வந்தால் கடிகாரம் நின்றுவிடும். உங்கள் பதில் அவர்கள் கைக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து 15 அல்லது 45 வேலை நாள். பதிலளிக்கப் பொதுவாக 84 நாள் வரை கிடைக்கும். ஒரே ஒரு முறைதான் பதில் அனுப்பலாம் என்பதால், அவசரப்பட்டுப் பாதியை அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு தரலாம் என்று நினைக்காதீர்கள். ஆர்.எஃப்.இயில் கேட்பது பெரும்பாலும் அனுபவக் கடிதமும் நிறுவனத்தின் சம்பள வசதியும்தான். மூன்றாம் படியில் சோம்பல் பட்டவர்களுக்கு இங்கே பில் வருகிறது.

பிரீமியம் கட்டினால் அதிகாரி கடுமையாகப் பார்ப்பார், நிராகரிப்பு அதிகம் என்ற பேச்சு எப்போதும் உண்டு. தகுதிக்கான அளவுகோல் இரண்டு வரிசைக்கும் ஒன்றே. பலவீனமான மனுவின் பலவீனம் சீக்கிரம் தெரிந்துவிடும், அவ்வளவுதான். அதைச் சீக்கிரம் தெரிந்துகொள்வதும் சிலருக்கு நன்மை: பெர்மின் 180 நாள் முடியும் முன் திருத்தி மறுபடி போட நேரம் இருக்கும்.

இந்தச் சேவை எப்போதும் திறந்தே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2007 ஜூலையில் ஐ-140க்கான பிரீமியத்தை நிறுத்தி 2009இல்தான் பரவலாக மீண்டும் திறந்தார்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது எல்லாவற்றுக்கும் நிறுத்தி ஜூனில் படிப்படியாகத் தொடங்கினார்கள்.

ஏழாம் படி: ஒப்புதல் வந்த பிறகு

ஐ-797 என்ற ஒப்புதல் அறிவிப்பு நிறுவனத்துக்கும் வழக்கறிஞருக்கும் போகும், உங்களுக்கு அல்ல. நகல் கேளுங்கள். அதில் மூன்றைச் சரிபாருங்கள்: பெயரின் எழுத்து, பிரிவு, முன்னுரிமைத் தேதி. பழைய நிறுவனத்தின் தேதியைக் கொண்டுவர வேண்டியவர்களுக்கு அந்தப் பழைய தேதியே இதில் அச்சாகியிருக்க வேண்டும்; புதிய பெர்ம் தேதி அச்சாகியிருந்தால் உடனே வழக்கறிஞரிடம் சொல்லித் திருத்தம் கோருங்கள்.

பிறகு மாதம் ஒருமுறை விசா புல்லட்டின். அதில் இரண்டு பட்டியல்கள்: இறுதி நடவடிக்கைத் தேதி, தாக்கல் தேதி. அமெரிக்காவுக்குள் ஐ-485 போடுபவர்கள் அந்த மாதம் எந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்பதை யுஎஸ்சிஐஎஸ் தனியாக அறிவிக்கும். ஐ-485 போட்டு 180 நாள் ஆனதும், அதே வகை வேலை என்றால், புதிய பெர்ம் இல்லாமலே நிறுவனம் மாறலாம். ஊரில் இருந்தே தூதரக வழியில் போகிறவர்களுக்குக் குடியேற்ற விசா நேர்காணல் மும்பையில் நடக்கும், சென்னையில் அல்ல.

இந்தக் காத்திருப்பில் செய்ய வேண்டிய ஒரு வேலை பிறப்புச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பழைய பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்காது, "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருக்கும். பெயர் சேர்த்து வாங்குங்கள். பதிவே இல்லை என்றால் பதிவு இல்லாமைக்கான சான்றிதழும், பிறப்பை அறிந்த இருவரின் வாக்குமூலமும் வேண்டும். தேதி எட்டிய மாதத்தில் ஓடுவதைவிட, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நகராட்சி அலுவலகத்தில் இதை முடித்துவிடலாம். அந்த வாக்குமூலம் தரக்கூடிய மாமாவும் அத்தையும் இன்னும் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே.

நிறுவனம் ஐ-797 நகல் தர மறுத்தால், ரசீது எண்ணையாவது கேட்டு வாங்குங்கள். அதுவும் இல்லை என்றால் அமெரிக்கத் தகவலறியும் சட்டத்தின் கீழ் யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் உங்கள் கோப்பின் நகலைக் கோரலாம். வேலையை விடும் நாளுக்கு முன்பே கோருவது நல்லது, ஏனென்றால் பதில் வர மாதங்கள் ஆகலாம். அடுத்த நிறுவனத்தின் வழக்கறிஞர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.